ஐம்பதைக் கடந்த ஆசிரியர் பள்ளி மாறும்போது

பள்ளி ஆண்டு மார்ச்சில் நிறைவுற்று ஏப்ரலில் தொடங்கும் நகரங்களில், ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் எங்கள் கிளைகளுக்கு ஒரு வகை வாடிக்கையாளர்கள் வருவதுண்டு. கையில் இப்போதைய பள்ளியின் ஊதியச் சீட்டும், வேறொரு பள்ளியின் பணியழைப்புக் கடிதமும் இருக்கும். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவர்கள் அவர்கள். வீட்டில் தாயோ தந்தையோ, மாமனாரோ மாமியாரோ நோயுற்றிருப்பார். வீட்டுக்கு அருகில் உள்ள பள்ளி என்பதற்காகவே குறைந்த ஊதியத்தை ஏற்கத் துணிந்திருப்பார்கள். வீட்டுக்கடன் தவணையைச் சற்றுக் குறைக்க இயலுமா என்ற கேள்வியோடு பேச்சு தொடங்கும்.

மாத ஊதியம் எவ்வளவு குறையும் என்பதை இவர்கள் பெரும்பாலும் கணக்கிட்டுவிட்டே வருகிறார்கள். அது எளிதான கணக்கு. எந்தத் தேதியில் விலகுவது, பழைய பள்ளியோடு எவையெல்லாம் முடிந்து போகும், நோயுற்றவரின் பணத்தை நாளை யார் எடுக்க இயலும் என்பவற்றை எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. பெற்றோரின் முதுமையைக் காக்கப் புறப்பட்டவர் தம் முதுமைக்கென வைத்திருந்ததை அறியாமலே இழப்பது இந்த இடங்களில்தான். இக்கட்டுரையில் அவற்றையே விளக்க விரும்புகிறோம்.

கணக்கை எளிதாகப் பார்க்க ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஓர் ஆசிரியை, வயது 53 ஆண்டு 3 மாதம். வீடு புனே நகரின் கோத்ரூட் பகுதியில். கணிதம் கற்பிக்கும் தனியார் பள்ளியோ நகரின் மறுபுறம் ஹடப்சரில். ஒரு வழிப் பயணம் 70 நிமிடம். உடன் வாழும் 76 வயதுத் தாயாருக்குப் பக்கவாதம் வந்து வலக்கை செயலிழந்திருக்கிறது. வீட்டிலிருந்து 15 நிமிடத் தொலைவில் உள்ள பள்ளி ஒன்று அவரை ஏப்ரல் முதல் அழைக்கிறது. ஊதியம் மாதத்துக்கு 12,000 ரூபாய் குறைவு. கணவர் பணியில் இருக்கிறார். மகன் கல்லூரியில் படிக்கிறான். தம்பி வேறு ஊரில் வசிக்கிறார். எண்கள் நாங்கள் வைத்தவை. வாசகர்கள் தங்கள் எண்களை அந்த இடங்களில் வைத்துப் பார்க்கலாம்.

பத்து நாளின் விலை

முதலில் பணிக்கொடை. தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு இது எளிதாகக் கிடைத்துவிடவில்லை. 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தில் ‘பணியாளர்’ என்ற சொல்லின் வரையறைக்குள் ஆசிரியர் அடங்கார் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதன்பின் நாடாளுமன்றம் 2009இல் அந்த வரையறையைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3ஆம் நாளிலிருந்தே அது செல்லும் என்று ஆக்கியது. தனியார் பள்ளிகள் அதையும் எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை உறுதி செய்தது. ஆதலால், “ஆசிரியர்களுக்கு அதெல்லாம் இல்லை” என்று இன்றும் எந்தப் பள்ளி அலுவலகமேனும் சொல்லுமானால், அதை ஏற்க வேண்டியதில்லை.

கணக்கிடும் முறை இது: கடைசியாகப் பெற்ற மாத ஊதியத்தில் அடிப்படை ஊதியத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கினால் ஓராண்டுக்குரிய தொகை வரும். அதைப் பணியாண்டுகளால் பெருக்க வேண்டும். முழு ஆண்டுகளுக்கு மேல் எஞ்சும் காலம் ஆறு மாதத்தைத் தாண்டினால் அதுவும் ஓர் ஆண்டாகக் கொள்ளப்படும், தாண்டாவிட்டால் விடப்படும். நம் ஆசிரியையின் ஊதியம் இவ்வகையில் 52,000 ரூபாய் என்று கொள்வோம். ஓராண்டுக்கு 30,000 ரூபாய்.

அவர் பணியில் சேர்ந்தது ஓர் அக்டோபர் 5ஆம் நாள். மார்ச் 31ஆம் நாள் விலகினால் 22 ஆண்டு, 5 மாதம், 26 நாள். பணிக்கொடை 22 ஆண்டுக்கு 6,60,000 ரூபாய். அதே ஆசிரியை ஏப்ரல் 10 வரை பணியில் இருந்து விலகினால் எஞ்சும் காலம் ஆறு மாதத்தைத் தாண்டுகிறது. 23 ஆண்டு என்றாகிப் பணிக்கொடை 6,90,000 ரூபாய். பத்து நாளின் விலை முப்பதாயிரம் ரூபாய். புதிய பள்ளியிடம் பத்து நாள் அவகாசம் கேட்கக் கூச்சப்பட்டு இதை இழப்பவர்கள் இருக்கிறார்கள். நியமன ஆணையில் உள்ள சேர்ந்த தேதியை எடுத்துப் பார்த்த பிறகே விலகல் கடிதத்தில் தேதி எழுத வேண்டும்.

இதனினும் பெரிய கேள்வி புதிய பள்ளியில் இருக்கிறது. பணிக்கொடை பெற ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். இறப்பு, உடல் ஊனம் ஆகியவற்றுக்கு மட்டும் இவ்விதி தளர்த்தப்படும். புதிய பள்ளியில் ஓய்வு வயது 58 என்றால் நம் ஆசிரியைக்கு அங்கே கிடைப்பது 4 ஆண்டு 9 மாதம். வயது நிரம்பி ஓய்வு பெற்றாலும் இரண்டாவது பணிக்கொடை அவருக்குக் கிடைக்காமல் போகலாம். ஓய்வு வயது 60 என்றால் உண்டு. எனவே பணியழைப்புக் கடிதத்தில் ஊதியத்துக்கு அடுத்துப் பார்க்க வேண்டியது ஓய்வு வயது. பணி, குறித்த கால ஒப்பந்தமா என்பதையும் பார்க்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, குறித்த கால ஒப்பந்தப் பணியாளர் ஓராண்டு முடித்தாலே பணிக்கொடை பெற வகை செய்கிறது. ‘ஒப்பந்தம்’ என்ற சொல்லைக் கண்டதும் முகம் சுளிப்பது நம் வழக்கம். ஐம்பத்து மூன்று வயதில் அதுவே சிலருக்கு ஆதாயமாகவும் அமையக்கூடும்.

பழைய பள்ளியிலேயே 58 வரை இருந்திருந்தால் எவ்வளவு கிடைத்திருக்கும்? 27 ஆண்டு 3 மாதம். அதாவது 27 ஆண்டு. கடைசி ஊதியமே எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்தும் என்பதால், அது 62,400 ரூபாயாக உயர்ந்திருந்தால் பணிக்கொடை 9,72,000 ரூபாய். இப்போது பெறும் 6,90,000 ரூபாயை ஐந்தாண்டு வைப்பில் போட்டால் வட்டி சேரும் என்பதையும் நேர்மையாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். அப்படிக் கூட்டினால் இழப்பு பெரிதன்று. ஆனால் அந்தத் தொகை வைப்பில் இருந்தால்தான் அந்தக் கணக்கு சரி. சமையலறையைப் புதுப்பிக்கச் செலவானால் தவறு.

மீளும் நேரம்

ஊதியக் குறைவு ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். அதற்கு ஈடாக ஆசிரியைக்குக் கிடைப்பது நாளொன்றுக்கு 110 நிமிடம். பள்ளி நாட்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 220 என்று கொண்டால் 403 மணி நேரம். வகுத்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தை 357 ரூபாய் கொடுத்து வாங்குகிறார் என்று ஆகிறது. உங்கள் ஊரில் பகல் நேர உதவியாளர் ஒருவருக்கு மணிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்று விசாரித்து இதனோடு ஒப்பிடுங்கள். பல ஊர்களில் உதவியாளரே மலிவு என்ற விடை வரும்.

அந்த விடை வந்தால் பள்ளி மாறக் கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எல்லா மணி நேரமும் ஒரே மதிப்புடையன அல்ல. பகல் பதினொரு மணிக்கு உணவு ஊட்டுவதை உதவியாளர் செய்துவிடுவார். மாலை நான்கு மணிக்கு இயன்முறைப் பயிற்சியாளர் வரும்போது, “இன்றைக்கு வேண்டாம்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தாயாரை எழுப்பி உட்கார வைப்பது மகளால்தான் ஆகும். ஆகவே எத்தனை மணி நேரம் என்பதோடு எந்த மணி நேரம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். தேவைப்படுவது மாலை ஒரு மணி நேரம் மட்டும் என்றால், பள்ளியை மாற்றாமலே அதைப் பெற முடியுமா என்று முதலில் பார்க்கலாம். கடைசிப் பாடவேளை இல்லாத கால அட்டவணை, வகுப்பாசிரியர் பொறுப்பிலிருந்து ஓராண்டு விலக்கு, பள்ளிப் பேருந்துக் கண்காணிப்பிலிருந்து விடுவிப்பு ஆகியவற்றை எழுத்தில் கேட்டுப் பார்க்காமலே விலகல் கடிதம் எழுதிவிடுகிறவர்கள் பலர். பெற்றோரைக் கவனிப்பதற்கென்று தனியார் பள்ளி ஆசிரியருக்கு நாடு தழுவிய சட்டப்படியான தனி விடுப்பு ஏதும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டு நல்ல பெயருக்கு ஏதேனும் மதிப்பு உண்டு என்றால் அதைப் பயன்படுத்த வேண்டிய இடம் இது. புதிய பள்ளியில் அந்தப் பெயரை முதலிலிருந்து ஈட்ட வேண்டும்.

புதிய பள்ளியின் முதலாண்டைப் பற்றியும் ஒரு சொல். பாடத்திட்டம் மாறினால், மாநில வாரியத்திலிருந்து மத்திய வாரியத்துக்கோ மறுதலையாகவோ சென்றால், மீண்ட 110 நிமிடத்தில் பாதி பாடக் குறிப்பு எழுதுவதற்கே போய்விடும். விடைத்தாள் கட்டுகள் வீட்டுக்கு வருவது எந்தப் பள்ளியிலும் குறைவதில்லை.

இந்த நேரக் கணக்கில் வீட்டிலுள்ள மற்றவர்களும் வர வேண்டும். 2019ஆம் ஆண்டில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். ஆசிரியை வீட்டருகே வந்துவிட்டார் என்பதாலேயே மாலைச் சிற்றுண்டியும், மின்கட்டணமும், மளிகையும் அவர் தலையில் வந்து சேருமானால், தாயாருக்கென 357 ரூபாய் கொடுத்து வாங்கிய நேரம் தாயாருக்குப் போய்ச் சேராது. பணியழைப்பை ஏற்கும் முன் கணவரும் மகனும் எந்தெந்த வேலையை எடுத்துக்கொள்கிறார்கள் என்று பேசி முடித்துவிடுவது நல்லது. வங்கியின் இதழுக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். பணத்தால் வாங்கிய ஒன்று வீணாவதைச் சுட்டுவது எங்கள் வேலைதான்.

வெளியூரில் உள்ள உடன்பிறந்தவர்களைப் பற்றியும் அவ்வாறே. தாயாருக்காக ஆண்டுக்கு 1,44,000 ரூபாய் ஊதியத்தை விட்டுக்கொடுப்பவர் மகள். அது யாருடைய கணக்கேட்டிலும் செலவாக எழுதப்படுவதில்லை. தம்பி மருந்துச் செலவுக்கு அவ்வப்போது அனுப்பும் தொகை மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது. ஊதிய இழப்பையும் ஒரு செலவாக எழுதி வைத்துப் பங்கு பிரித்துக்கொள்ளும் குடும்பங்களில் பிற்காலத்தில் மனத்தாங்கல் குறைவு என்பது எங்கள் எண்ணம். தம்பியின் கணக்கிலிருந்து மாதந்தோறும் குறித்த தேதியில் அக்காவின் கணக்குக்குத் தொகை செல்ல நிலையான ஆணை ஒன்றைக் கொடுத்துவிட்டால், மாதாமாதம் கேட்கும் சங்கடம் இருவருக்கும் இல்லை. உடன்பிறந்தோர் ஒருவருக்கொருவர் தரும் பணம் பெறுபவரின் வருமானமாகக் கருதப்பட்டு வரிக்கு உட்படுவதுமில்லை.

வைப்பு நிதியைத் தொடாமல் மாற்றுதல்

பள்ளி மாறும்போது வருங்கால வைப்பு நிதியை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடை, மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே. 2023-24, 2024-25 ஆகிய ஆண்டுகளுக்கு இந்நிதிக்கு வழங்கப்பட்ட வட்டி 8.25 விழுக்காடு. கணக்கில் 10 லட்சம் ரூபாய் இருந்து, இதே வட்டி நீடிக்குமானால் ஐந்தாண்டில் அது ஏறத்தாழ 14.86 லட்சம் ஆகும். குடும்பத்தினரின் நோய்க்காக முன்பணம் பெறும் வசதி பணியில் இருக்கும்போதே உண்டு என்பதால், அந்த அச்சத்துக்காக முழுத் தொகையையும் எடுக்கத் தேவையில்லை.

உறுப்பினருக்குரிய பொதுக் கணக்கு எண் ஒன்றே, பள்ளிதான் மாறுகிறது. ஆயினும் மாற்றம் தடைப்படுவதற்குச் சிறு காரணங்கள் போதும். ஆதாரில் ஒரு வகையாகவும் பள்ளிப் பதிவேட்டில் வேறு வகையாகவும் உள்ள பெயரின் எழுத்து, பிறந்த தேதி, பழைய பள்ளி பதியாமல் விட்ட விலகல் தேதி ஆகியவை அத்தகையன. விலகிய பின் பழைய அலுவலகத்துக்கு நடப்பதைவிட, அங்கே பணியில் இருக்கும்போதே திருத்திக்கொள்வது எளிது. புதிய பள்ளியில் இருபது பேருக்குக் குறைவாகப் பணிபுரிந்தால் அது வைப்பு நிதிச் சட்டத்தின் கட்டாயத்துக்குள் வராமல் இருக்கலாம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்நிதியோடு இணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் பத்தாண்டுப் பணியை முடித்தவருக்கு 58 வயதில் ஓய்வூதியம் உண்டு. பணியை முற்றிலும் விட்டவர் 50 வயதிலிருந்தே அதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் 58க்கு முந்தைய ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு வீதம் குறையும். அந்தக் குறைவு 58ஆம் வயதில் சரியாகிவிடாது. வாழ்நாள் முழுதும் தொடரும். ஓராண்டு ஓய்வெடுத்துவிட்டு வேறு பள்ளி தேடலாம் என்று எண்ணுபவர்கள் இதை அவசரப்பட்டுக் கேட்டுவிட வேண்டாம்.

ஊதியக் கணக்கைப் பற்றி எங்கள் தரப்பிலிருந்து ஒன்று. ஊதிய வரவு சில மாதங்கள் நின்றுவிட்டால் பெரும்பாலான வங்கிகளில் ஊதியக் கணக்கு சாதாரணச் சேமிப்புக் கணக்காக மாறிவிடும். அதனோடு வந்த விபத்துக் காப்பீடு போன்ற சலுகைகளும் நிற்கும். பள்ளி மாறும் செய்தியைக் கிளைக்குச் சொல்லிவிட்டால் போதும். வீட்டுக்கடன் இருப்பவர்கள், தவணை கட்டத் தவறிய பின் வருவதைவிட ஊதியம் குறையும் முன்பே வருவது நல்லது. காலத்தை நீட்டிக்க வழி உண்டா என்று அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடியும். ஆண்டின் நடுவில் மாறுபவர்கள், பழைய பள்ளியில் பெற்ற ஊதிய விவரத்தைப் புதிய பள்ளியில் எழுதித் தர வேண்டும். இல்லையேல் இரு பள்ளிகளும் தனித்தனியே வரிவிலக்கு வரம்பைக் கழித்துக்கொண்டு வரியைக் குறைவாகப் பிடிக்கும். ஆண்டு முடிவில் மொத்தமாகக் கட்ட நேரும்.

காப்பீடு முடியும் நாள்

பள்ளி எடுத்துக்கொடுத்த குழு மருத்துவக் காப்பீடு, ஆசிரியை விடுவிக்கப்படும் நாளோடு அவருக்கு முடிகிறது. தாயார் அதில் சேர்க்கப்பட்டிருந்தால் அவருக்கும் அவ்வாறே. புதிய பள்ளியின் காப்பீடு சேர்ந்த நாளிலிருந்தே தொடங்குமா, தகுதிகாண் காலம் முடிந்த பிறகா, பெற்றோரை அது ஏற்குமா என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். இடையில் பத்து நாள் வெற்றிடம் இருந்தாலும் அது வெற்றிடமே.

தாயாரைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. 70 வயது நிறைந்த அனைவருக்கும், வருமானம் எதுவாயினும், ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தின் கீழ் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை பெறும் ஏற்பாடு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கப்பட்டது. இத்திட்டத்தில் இணைந்துள்ள மாநிலங்களில் ஆதாரைக் கொண்டு ‘ஆயுஷ்மான் வய வந்தனா’ அட்டை பெறலாம். தனியார் காப்பீடு வைத்திருப்பவர்களும் பெறலாம். ஆனால் இது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கானது. பக்கவாத நோயாளியின் குடும்பத்தை மாதந்தோறும் கரைப்பவை வீட்டில் வரும் உதவியாளர், இயன்முறைப் பயிற்சி, அணையாடை, மருந்து ஆகியவை. அவற்றுக்கு இவ்வட்டை உதவாது. வீட்டுச் செலவுத் திட்டத்தில் அவற்றுக்குத் தனி வரி எழுதியாக வேண்டும்.

ஆசிரியையின் சொந்தக் காப்பீட்டைத்தான் பலரும் மறக்கிறார்கள். ஐம்பத்து மூன்று வயதில் சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருந்தால், புதிதாக எடுக்கும் தனிநபர் காப்பீட்டில் முன்பே உள்ள நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் விதிக்கப்படலாம். குழுக் காப்பீட்டில் கழித்த ஆண்டுகளைக் கணக்கில் கொண்டு, அதே நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாறிக்கொள்ளக் கேட்க விதிகளில் இடம் உண்டு. அதைப் பணியில் இருக்கும்போதே, விலகுவதற்குப் போதிய நாட்கள் முன்னதாகக் கேட்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை என்பது ஒரு சிறு உதவி. பெற்றோரின் காப்பீட்டுக்கும் மருத்துவத்துக்கும் செலவிடும் தொகைக்கு வருமான வரியில் கழிவு பெறுவது பழைய வரி முறையில் மட்டுமே இயலும். புதிய முறையைத் தேர்ந்திருப்பவர்கள் இரண்டையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தகுதி பற்றிய இரு தீர்ப்புகள்

நீண்ட அனுபவம் இருந்தும் புதிய நியமனத்தில் தகுதி புதிதாகவே பார்க்கப்படும். கல்வியியல் இளநிலைப் பட்டம் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்கத் தகுதியாகாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் வேண்டும். மேல் வகுப்புகளில் கற்பித்துக் களைத்தவர்கள், “சிறு பிள்ளைகளுக்கு நடத்தினால் சுமை குறையுமே” என்று தொடக்கப் பள்ளியை நாடும்போது இது குறுக்கே நிற்கும். (சிறு பிள்ளைகளின் வகுப்பில் சுமை குறைவு என்று எண்ணுபவர்கள் அங்கே ஒரு நாள் நின்று பார்த்திருக்க மாட்டார்கள்.)

இரண்டாவது, 2025 செப்டம்பர் 1ஆம் நாள் தீர்ப்பு. எட்டாம் வகுப்பு வரை கற்பிப்போர், ஓய்வுக்கு ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற வேண்டும் என்று அது கூறியது. ஐந்தாண்டுக்குக் குறைவாக உள்ளோர் தேர்ச்சியின்றிப் பணியில் தொடரலாம். பதவி உயர்வு மட்டும் இல்லை. இந்த விலக்கு, இருக்கும் பணியில் தொடர்பவர்களுக்கானது. வேறு பள்ளியில் புதிதாகச் சேரும்போதும் அது உடன் வரும் என்று நம்பிப் பணியை விட்டுவிட வேண்டாம். நம் ஆசிரியை ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்குக் கற்பிப்பவர். புதிய பள்ளி அவரை ஏழாம் வகுப்புக்கும் அனுப்ப எண்ணியிருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வை எழுத மேல் வயது வரம்பு இல்லை. பெற்ற சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும்.

தாயாரின் கையொப்பம்

பள்ளி மாற்றத்தைப் பற்றிப் பேச வந்தவரிடம் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: அம்மாவின் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அம்மாவின் பெயரில் மட்டும்தான் என்ற விடையே பெரும்பாலும் வரும். பக்கவாதத்துக்குப் பின் வலக்கைக் கையொப்பம் பதிவேட்டோடு ஒத்துப் போகாது. மகள் தாயாரின் ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் வைத்துச் சமாளித்துக்கொண்டிருப்பார். அது விதிக்கு உட்பட்டதன்று. அட்டை காலாவதியாகும் நாளில் அந்த வழியும் அடைபடும்.

இதற்கு முறையான வழிகள் உள்ளன. நோயாலோ முதுமையாலோ கையெழுத்திட இயலாதவர் கைப்பெருவிரல் அல்லது கால் பெருவிரல் ரேகையை வைத்துப் பணம் எடுக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும். அவர்களுள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்க வேண்டும். ரேகையும் வைக்க இயலாதவர் ஏதேனும் ஓர் அடையாளக் குறியிடலாம். பணத்தைத் தமக்காக யார் பெற்றுக்கொள்ள வேண்டும் என்பதையும் அவர் சாட்சிகள் முன் குறிப்பிடலாம். 70 வயதைக் கடந்தவர்களுக்கும், மருத்துவச் சான்று பெற்ற நோயாளிகளுக்கும் பணம் தருவது, பெறுவது, வாழ்நாள் சான்று பெறுவது போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே வழங்குமாறு 2017 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. வாழ்நாள் சான்றைக் கைபேசியில் முகத்தைக் காட்டியே அளிக்கலாம். 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பர் வரை காத்திராமல் அக்டோபர் முதலே அளிக்கலாம்.

இவற்றைவிட நல்லது, தாயார் தெளிவாகப் பேசவும் விரும்பியதைச் சொல்லவும் இயலும் காலத்திலேயே சேமிப்பையும் வைப்புகளையும் ‘இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியிருப்பவர்’ என்ற முறையில் கூட்டுக் கணக்காக்கிக்கொள்வது. ஓய்வூதியக் கணக்கைப் பொதுவாக வாழ்க்கைத் துணையோடு மட்டுமே கூட்டாக வைக்க முடியும் என்பதால், அதில் வரும் தொகை மாதந்தோறும் கூட்டுக் கணக்குக்குச் செல்ல ஆணை கொடுத்துவிடலாம். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை வாரிசு நியமனம் செய்யலாம். மகள், மகன் இருவர் பெயரையும் பங்கு விழுக்காட்டோடு எழுதிவிடலாம்.

அதிகாரப் பத்திரம் எழுதி வைத்திருக்கிறோமே என்று சிலர் சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவர் சிந்தித்து முடிவெடுக்கும் திறனோடு இருக்கும் வரையே அது செல்லும். மறதி நோயோ அடுத்த பக்கவாதமோ அத்திறனைக் கொண்டுபோய்விட்டால், அதிகாரப் பத்திரம் மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது செல்லாமல் போகிறது. அதன்பின் காப்பாளராக நியமிக்கக் கோரி நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். அதற்கு ஆகும் மாதங்களில் மருத்துவமனைக் கட்டணம் மகளின் புதிய, குறைந்த ஊதியத்திலிருந்தே போகும்.

கூட்டுக் கணக்குக்கான படிவத்தை நிரப்ப அரை மணி நேரம் போதும். தாயார் கிளைக்கு வர இயலாவிட்டால் அலுவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். நம் எடுத்துக்காட்டின் ஆசிரியைக்கு அதற்கு ஏற்ற காலம் மார்ச் மாதமே. ஏப்ரல் 10க்குப் பிறகு, முதல் சில மாதங்களுக்கேனும், புதிய பள்ளியில் விடுப்புக் கேட்பது எளிதாக இராது.